நுனியைக் காட்டாதே

அந்தமானின் திக்லிபூர் கடற்கரையில் மூன்று மணி வெயில். கல்யாணங்களுக்கு டிரோனில் படம் எடுக்கும் அகிலா, தலைமேல் துப்பட்டாவை இழுத்து ரிமோட்டின் திரைக்கு நிழல் செய்கிறாள். கடலுக்கு மேல் டிரோன் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனதுமே படம் கட்டம் கட்டமாக உடைகிறது. விடியலில் டிங்கி என்ற சிறு படகில் மீனுக்குப் போன குணா இன்னும் திரும்பவில்லை. தேடக் கிளம்பிய படகு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கரையிலேயே உறுமிக்கொண்டிருக்கிறது. குணாவின் மனைவி விஜயலட்சுமி பதறிப்போய் ரிமோட்டின் இரண்டு ஆன்டெனாக்களையும் கடலை நோக்கித் தூண்டில்போல நீட்டிவிடுகிறாள். "நுனியக் காட்டினா டிரோனுக்கு சிக்னல் எட்டாதுக்கா, அகலத்தக் காட்டணும். டென்ஷன் மத் லோ, பதறாதீங்க," என்று அகிலா அவற்றை நிமிர்த்துகிறாள். பிறகு செட்டிங்கில் ஆட்டோவை எடுத்துவிட்டு, அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுகிறாள். போர்ட் பிளேயரில் வீட்டுக்கு வீடு வைஃபை அந்த அலைவரிசையில்தான் முட்டிமோதும். ஒழுங்காக நெட் வராத இந்தக் கரையில் அது ஆளில்லாத ரோடு. கட்டங்கள் கரைகின்றன, நீலம் விரிகிறது, அதில் ஒரு வெள்ளைப் புள்ளி, டிங்கி, பழுதான எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். "வடகிழக்கே, மூணு கிலோமீட்டர். சலோ!" படகு சீறிப் பாய்கிறது. திரையில் குணா அண்ணாந்து பார்க்கிறான். டிரோனைக் கண்டதும் குனிந்து, கை நீளச் சுர்மை மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறான். கண்ணைத் துடைத்துக்கொண்டே விஜயலட்சுமி கத்துகிறாள்: "அரே, கல்யாண போட்டோவுக்குக்கூட இந்தாளு இப்பிடிச் சிரிக்கலியே!"