ஓயாத ஃபேன்

“எந்த மடையன் இதுல கை வெச்சது?”

பானெட்டைத் தூக்கிய கையோடு பன்னீர்செல்வம் கேட்டார். சுகுணாவுக்கு அப்பாடா என்றிருந்தது. நாலு நாளாக அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததும் அதுதான்.

கராச்சர்மாவில் அவருடைய ஒர்க்‌ஷாப்புக்கு வரும் எந்த வண்டிக்கும் முதல் மரியாதை இதுவே. முன்னால் வேலை பார்த்தவனைத் திட்டி முடித்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். தமிழும் ஹிந்தியும் தீர்ந்துபோனால் பெங்காலியிலும் கொஞ்சம் திட்டுவார்.

சுகுணா வாங்கியது செகண்ட்ஹேண்ட் கார். வேறொரு தீவில், ஹட் பேயிலிருக்கும் தம்பையா என்பவரிடம் வாங்கி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தாள். சாவியைத் திருப்பினால் போதும், இஞ்சினுக்கு முன்னால் ரேடியேட்டர் ஃபேன் ‘உர்ர்ர்’ என்று கிளம்பிவிடும். வண்டியை அணைக்கிறவரை ஓயாது. டெலானிபூர் குவார்ட்டர்ஸில், “என்னம்மா, ஹெலிகாப்டரா வாங்கியிருக்கீங்க?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் உதயசூரியன் ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை. அவளே பார்த்து, அவளே பேசி முடித்த வண்டி ஆயிற்றே!

“ஏமாத்திட்டாங்கண்ணே. வண்டியைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லப் போறேன். முடியாதுன்னா போலீஸ்தான். என்ன கோளாறுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

“தாராளமா தர்றேன் மேடம்.”

சாவியைப் போட்டார். ஃபேன் ஓடியது. ரிலேயைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். அப்போதும் ஓடியது.

“பார்த்தீங்களா? ஃபேனை ஓட்டுறதும் நிறுத்துறதும் இந்த ரிலே. இதைக் கழட்டியும் ஓடுதுன்னா, கரண்ட் வேற வழியில போகுது.”

ரேடியேட்டருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஒயர் அகப்பட்டது.

“அரே, டைரக்ட்! இஞ்சின் சூட்டைப் பார்த்து ஃபேனுக்குச் சொல்ற சென்சார் செத்துப்போச்சு. புதுசு மாட்டாம, ஃபேனுக்கு நேரா ஒயர் இழுத்து விட்டிருக்கான். முடிச்சைப் பாருங்க, மாட்டைக் கட்டுற மாதிரி! இவனெல்லாம் மெக்கானிக்கா?”

“மெயின்லேண்ட்லேர்ந்து பார்ட் வர்ற வரைக்கும் எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்களாமே?”

“நானும்தான் பண்ணுவேன். ஆனா பார்ட் வந்ததும் ஒழுங்கா மாட்டிக் குடுப்பேன். இவன் விட்டுட்டு ஓடியிருக்கான்.”

கிரீஸ் கையோடு பேப்பரை வாங்கி, ‘பொறுப்பில்லாத ஆள் செய்த வேலை’ என்று எழுதி, அடியில் கோடும் போட்டார்.

சுகுணாவுக்குத் தெம்பு வந்தது. சாட்சி பக்கத்தில் இருக்கும்போதே பிடித்துவிடலாம் என்று தம்பையாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

“சென்சார் செத்த வண்டியை என் தலையில கட்டிட்டீங்களே!”

“கப்பல்ல ஏத்துறப்பவே சொன்னேனுங்களே தங்கச்சி, ஃபேன் ஓடிக்கிட்டேதான் இருக்கும், பயப்படாதீங்கன்னு.”

“ஏன்னு சொல்லலையே?”

தம்பையா நடந்ததைச் சொன்னார்.

“மூணு வருசம் முந்தி என் பொஞ்சாதி அழகம்மாவுக்கு வலி எடுத்துருச்சுங்க. ஆஸ்பத்திரிக்குப் போற பாதையில ஃபேன் ஓடாம, இஞ்சின் கொதிச்சு வண்டி நின்னுபோச்சு. நல்ல மழை. கல்யாணத்துக்கு வந்துட்டுக் கப்பலுக்குத் திரும்பிக்கிட்டிருந்த ஒருத்தர், வெள்ளை வேட்டியோட சேத்துல படுத்து, ஒயரை இழுத்து முடிச்சுப் போட்டு ஃபேனை ஓட வெச்சாரு. ஒரு டீ கூட வாங்கிக்கல்ல. அதுக்குள்ள கப்பல்ல சங்கு ஊதிட்டாங்க. ‘சென்சார் அனுப்பி வைக்கிறேன்’னு கத்திக்கிட்டே ஓடிட்டாரு. பேருகூடக் கேக்க முடியல்ல.”

“அனுப்பினாரா?”

“இல்லீங்க. அவருக்கு என்ன கஷ்டமோ! ஒவ்வொரு கப்பலுக்கும் துறைமுகத்துல போய் விசாரிப்பேன். அப்புறம் அந்த முடிச்சைக் கழட்ட எனக்கே மனசு வரல்ல. அதாலதான் இன்னிக்கு எம்புள்ள வீட்டுல ஓடியாடித் திரியுது. வண்டி உங்களுக்குப் புடிக்கல்லன்னா திருப்பி ஏத்தி விடுங்க தங்கச்சி, நான் எடுத்துக்கிறேன்.”

சுகுணாவுக்கு, இந்த மனுஷன் மேலா போலீசுக்குப் போக இருந்தோம் என்று வெட்கமாக இருந்தது. “வண்டி என்கிட்டயே இருக்கட்டுங்கண்ணே” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

திரும்பினால் பன்னீர்செல்வத்தைக் காணவில்லை. உள்ளே தகர டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தார். டைரக்ட் ஒயரைப் பிரித்தெடுத்தார். புது சென்சாரை மாட்டினார், ரிலேயைச் செருகினார். அத்தனை வேலையிலும் யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

சாவியைத் திருப்பினார். இஞ்சின் மட்டும் ஓடியது. ஃபேன் சமர்த்தாக இருந்தது.

“சென்சாருக்கு எவ்வளவுண்ணே?”

“ஒண்ணும் வேணாம் மேடம்.”

அவள் முகத்தைப் பார்க்காமல், கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏன் இந்த மனுஷன் இப்படி ஆகிவிட்டார் என்று புரியாமல், சுகுணா பானெட்மேல் கிடந்த காலிப் பெட்டியை எடுத்தாள். தூசியைத் துடைத்ததும் பேனா எழுத்து தெரிந்தது.

‘ஹட் பே பிரசவ வண்டி. அடுத்த கப்பலில் அனுப்பணும். மறக்கக் கூடாது.’