ஒரே பார்வை

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை நடத்தும் கொளஞ்சிநாதனுக்கு ஒரு கர்வம் உண்டு. சூளையிலிருந்து வரும் பொம்மைகளில் எது கழிவு என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் ரத்தத்தில் புரதம் ஏதும் மாறியிருக்கிறதா என்று ஆராய ஒரு குழு ஊருக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மற்றப் பிள்ளைகளின் ரத்தமும் வேண்டும் என்றார்கள். பட்டறையில் வண்ணம் பூசும் இளமதி, ஆட்டிசம் உள்ள தன் மகனைக் கூட்டி வந்தாள். கொளஞ்சிநாதன் பேரன் சேரனோடு வந்து, மாலை மரியாதைக்குக் காத்திருப்பவர்போல் தள்ளி உட்கார்ந்தார்.

"நல்ல ரத்தம் எப்பிடி இருக்கும்னு எல்லாரும் பாக்கட்டும்" என்றார், அவள் காதில் விழும்படி.

ரத்தம் எடுத்த பெண் இரண்டு குழாய்களையும் எந்திரத்தில் சுழற்றி எடுத்து நிறுத்தினாள். ஒன்றில் மேல்பகுதி தேன் நிறத்தில் தெளிந்திருந்தது. மற்றொன்றில் களிமண் கரைசல்போல் வெள்ளையாகக் கலங்கியிருந்தது.

கொளஞ்சிநாதன் சிரித்தார். "இதுக்கு ஆராய்ச்சி வேறயா? கலங்கிக் கெடக்குது பாருங்க, அதான் இவ புள்ளையோடது. பரம்பரையே கழிவு!"

இளமதி மகனின் காதுகளைப் பொத்தினாள். அவளுக்குச் சோறு போடும் பட்டறை அது.

அந்தப் பெண் கலங்கிய குழாயின் சீட்டைப் படித்தாள். "இது ஒங்க பேரன் சேரனோடதுங்க. வெறும் வயித்துல கூட்டியாரச் சொன்னோமே, என்னா குடுத்தீங்க?"

"ஆட்டுக்கால் பாயா... நெய் ஊத்தி... ரத்தம் நல்லா தெரியணும்னு..."

"அந்த நெய்தான் இப்பிடித் தெரியுது. இது ஆராய்ச்சிக்கு ஆகாது, கழிக்க வேண்டியதுதான்."

இளமதி அப்போதுதான் வாய் திறந்தாள். "சேரனக் கழிச்சிடாதீங்க மேடம். பெரியவங்க பண்ணுனதுக்குப் புள்ள என்னா பண்ணும்?"