ஆபீசர் வீட்டு கேக்

"நூத்தி இருவதுக்கு மேல என்னாண்ட இல்லக்கா" என்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு பேரம் பேசினாள் வேம்பு. எண்ணூரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை.

ஃப்ளோரா கிறிஸ்மஸ் கேக்குக்கு மாவு கிளறிக்கொண்டிருந்தாள். முந்திரி போடாத மாவு ஒரு கிண்ணத்தில் தனியாக இருந்தது. அது வீட்டுக்காரன் இன்னாசிக்கு. ஒரு துண்டு முந்திரி பட்டாலும் அவனுக்கு உதடு தடித்துவிடும்.

"பொம்ம கேக்கு முன்னூத்தம்பது. முட்ட, வெண்ணெ, ஐசிங் சக்கர, கரண்டு, அப்பறம் என் கூலி. யாரு வந்து கேட்டாலும் அதே வெலதான்."

"வூட்ல சும்மா கீற நேரத்துல செய்யறதுதானே? அதுக்கு இன்னாத்துக்குக் கூலி?"

ஃப்ளோராவுக்குச் சுர்ரென்று ஏறியது. ராயபுரத்தில் பாதிப் பேர் இதைக் கேட்டாயிற்று. கொத்தனார் கூலி கேட்டால் கொடுப்பார்கள், பெயின்டர் கேட்டால் கொடுப்பார்கள். பொம்பளை தன் வீட்டு அடுப்படியில் கால் கடுக்க நின்றால் மட்டும் அது சும்மா இருக்கிற நேரமாம்.

"அப்ப சும்மா கீறவளாப் பாத்து வாங்கிக்கம்மா. எனக்கு வேல கீது."

இந்த வருஷம்தான் இவ்வளவு கறார். அதுவரை கேட்ட விலைக்குத் தூக்கிக் கொடுத்து ஏமாந்தவள்தான் அவள். அதிலும் மகா ஏமாளித்தனம், அந்த ஆபீசர் வீட்டு கேக்.

இன்னாசி ஹார்பரில் கிரேனுக்குக் கொக்கி மாட்டுகிறவன். இன்னும் தினக்கூலிதான். டபுள் ஷிப்ட் என்று வாரத்தில் பாதி நாள் அங்கேயே படுத்துவிடுவான். டிசம்பர் வந்தால் போதும், ஆபீசர் மகளுக்குப் பிறந்தநாள் என்று ஆர்டரோடு வந்து நிற்பான். ரோஸ் கவுன் போட்ட பொம்மை கேக், மேலே 'ஷாலு' என்று எழுத வேண்டும். கையில் வைப்பது நூற்றிருபது ரூபாய். முட்டைக்கும் வெண்ணெய்க்குமே அது காணாது.

"எண்ணூர்ல பங்களா கட்டிகினு கீறாரு. அவரு மனசு வெச்சாத்தான் நான் பர்மனெண்டு. பல்லக் கடிச்சிகினு செஞ்சி குடு" என்பான். மூன்று வருஷமாகக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

போன வாரம் மறுபடி ஆர்டர் வந்தது. "பங்களா கட்டத் தெரிஞ்சவருக்கு முன்னூத்தம்பது குடுக்கத் தெரியாதா? ஆபீசருக்கும் அதே வெலதான்" என்று சொல்லிவிட்டாள். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போன இன்னாசி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பர்மனெண்ட் வேலையில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று அவளுக்கும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டேதான் இருந்தது.

வேம்பு எழுந்திருக்கவில்லை. "வெல ஏறிப்போச்சி, இந்த வருசம் கேக்கு கெடையாதுன்ட்டாங்க. புள்ள ஒரே அழுவ. அதான் நானே நேர்ல கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன்" என்று பையிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்து வைத்தாள். "உன் அட்டைங்கதான்கா. கொடத்துக்கு மூடியாப் போட்டிருந்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது. புள்ளதான் எழுத்துக் கூட்டிப் படிச்சி, பின்னால அட்ரஸ் கீதுன்னு சொல்லிச்சி."

கேக்குக்கு அடியில் வைக்கிற ஜிகினா அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஃப்ளோராவின் சட்டம். அதற்காகவே பின்பக்கம் தெருப் பெயரும் கதவு நம்பரும் எழுதியிருப்பாள். எல்லார் வீட்டு அட்டையும் திரும்பி வரும். ஆபீசர் வீட்டுக்குப் போனது மட்டும் ஒருமுறைகூட வந்ததில்லை.

அப்படியென்றால் இவள் ஆபீசர் வீட்டில் வேலை செய்கிறவள். அந்த அம்மா நேரில் வரக் கூச்சப்பட்டு இவளை அனுப்பியிருக்கிறாள். ஃப்ளோராவுக்குப் பகீரென்றது. நல்லவேளை, கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகப் பேசியதோடு நின்றது.

"ஷாலு கேக்குதானே? மொதல்லயே சொல்றதுக்கின்னாமா? நூத்தி இருவதே குடு. நாளைக்கு சாயங்காலம் வந்து எடுத்துக்க."

வேம்புவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்ல மனசுக்கா உனக்கு. கேக்குக்காரி ரொம்ப ராங்கின்னு சொன்னாங்க, நானும் நம்பிட்டேன்."

கூலி போனது வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் இன்னாசிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டால் இந்த அடுப்படி அல்லாட்டமே வேண்டாமே. இறங்கியதுதான் இறங்கியாயிற்று, நன்றாகவே செய்துவிடுவோம் என்று முந்திரி டப்பாவை எடுத்தாள் ஃப்ளோரா.

"கவுனச் சுத்தி முந்திரி வெச்சி ஜோடிச்சித் தரேன். அதுக்குத் தனியாக் காசு வேணாம்."

"அய்ய, முந்திரி வேணாங்கா. புள்ளைக்கி ஒதடு வீங்கிக்கும். அவ நைனா ஒடம்பு அப்டியே வந்துகீது."

"ஆபீசருக்குமா?" என்று சிரித்தாள் ஃப்ளோரா.

வேம்பு புரியாமல் அவளைப் பார்த்தாள்.

"எந்த ஆபீசரு? ஷாலு எம் பொண்ணுக்கா. ஹார்பர்ல கொக்கி மாட்ற இன்னாசிய உனக்குத் தெரியாதா?"