மிஹ்ராப் ஓரத்துத் தூண்

குவிமாடம் இருந்த இடத்தின் வழியே பனி நேராகத் தொழுகை விரிப்பில் விழுகிறது. உஸ்மானியத் துருக்கியர் கட்டிய நானூறு வருஷப் பள்ளிவாசலில் மிஞ்சியிருப்பது தொழுகைத் திசை காட்டும் மிஹ்ராப் மாடச் சுவரும், அதன் ஓரத்தில் சுழலும்படி செருகிய பளிங்குத் தூணும், வாசல் அடுக்கில் ஜோடி ஜோடியாகக் காத்திருக்கும் செருப்புகளும்தான். கட்டடம் ஒரு நூல் இறங்கினாலும் தூண் இறுகிக்கொள்ளும்; சுழன்றால் கட்டடம் பத்திரம். தினமும் அதைச் சுழற்றிப் பார்ப்பது, தொழுகைக்கு அழைக்கும் மோதினார் ஃபிக்ரெத்தின் வேலை. முந்தாநாள் முதலாவது நிலநடுக்கம் வந்ததும் சுழற்றிப் பார்த்துவிட்டுத்தான், குளிரில் நின்ற தெருவையே உள்ளே படுக்கச் சொன்னார். மறுபடி நிலம் நடுங்கிக் கூரை இடிந்தபோது, உள்ளே படுத்தவர்களில் பாங்கு சொல்ல வெளியே வந்த அவர் மட்டும் பிழைத்தார். இப்போது இடிபாட்டின்மேல், சுண்ணாம்பு படிந்த தாடியோடு உட்கார்ந்திருக்கிறார். அன்றிரவு வெளியூரில் இருந்த தையல்காரர் மனைவி நூர்ஹயாத் அடுக்கிலிருந்து கணவனின் பூட்ஸை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நிற்கிறாள்.

“நெசமாவே சுத்திப் பாத்தீங்களா மோதினாரே? இல்ல, வாய்க்கு வந்ததச் சொன்னீங்களா?”

“சுத்துச்சும்மா. அல்லா மேல ஆணையா சுத்துச்சு.”

“எங்க, இப்ப சுத்துங்க பாப்போம்.”

அவளே பூட்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒற்றை விரலால் தூணைத் தள்ளுகிறாள். தூண் சத்தமே இல்லாமல் சுற்றுகிறது, கட்டடம் அசையாமல் நிற்பதுபோல.