பாகில் விழுந்த களாக்காய்

பேக்கரியின் சமையலறையில் களாக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் ஒரு ஜாடி நிறைய உலர்ந்த கிரான்பெரி இருந்தது.

"எங்க ஊர் குளிரான ஊர் அக்கா," என்றது ஜாடியில் மேலாக இருந்த கிரான்பெரி. "நாங்க பழுத்ததும் வயல்ல தண்ணிய நிரப்புவாங்க. எங்களுக்குள்ள காத்து இருக்கறதால மிதப்போம். அப்படியே அள்ளிடுவாங்க. நீர்க்கடுப்புக்கு நல்லதுன்னு தேடி வந்து வாங்கறாங்க."

"அதெல்லாம் இருக்கட்டும். உன் புளிப்பு எங்கடி?" என்று சீறியது களாக்காய்.

"சர்க்கரையில ஊற வெச்சாங்க, போயிடுச்சு. அப்படி இருந்தாத்தான் எல்லாருக்கும் பிடிக்குது."

"வெக்கமா இல்ல உனக்கு? முள்ளுக்கு நடுவுல வெயில்ல நின்னு சேர்த்த புளிப்பு இது. கடிக்கிறவன் கண்ணைச் சுருக்கணும். என் கிட்ட எவனாவது சர்க்கரையோட வரட்டும், பேசிக்கறேன்."

கேக் மாஸ்டர் கத்தியோடு வந்தார். களாக்காய் தன் வெள்ளைப் பாலையெல்லாம் கத்தியில் பிசினாக அப்பியது. அவர் திட்டிக்கொண்டே துடைத்தார். பிறகு விதையைத் தோண்டி எடுத்துவிட்டு, சிவப்புச் சாயம் கலந்த பாகில் அதைப் போட்டார்.

சில நாள் கழித்து அது ஒரு கேக்கின் உச்சியில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"களாக்கா அக்கா, வலிச்சுதா?" என்று பக்கத்து ஜாடியிலிருந்து மெல்லக் கேட்டது கிரான்பெரி.

"யாருக்குடி நீ தங்கச்சி? நான் செர்ரி. வாங்க வர்றவங்க காதுல விழப்போகுது, வாயை மூடு."

கிரான்பெரிக்கு அன்றுதான் முதன்முதலாகக் கோபம் வந்தது. சுருக்கென்று தைக்கிற மாதிரி ஏதாவது சொல்ல வாயைத் திறந்தது.

தித்திப்பாகத்தான் வந்தது.