மாமியார் கொடுத்த ஜாடி

மனைவி கடையிலிருந்து திரும்புவதற்குள் முடித்தாக வேண்டும். செல்லத்துரை கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கழிப்பறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல்களைத் துடைத்தாயிற்று. துணியெல்லாம் கொடியில் காய்ந்தது. விடிந்ததும் அவர் கைபட்டு உடைந்த ஊறுகாய் ஜாடி மட்டும் அரிசிச் சாக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கல்லல் ஊரிலிருந்து மாமியார் சீர்வரிசையில் அனுப்பிய பீங்கான் ஜாடி! மத்தியானம் அந்த மாமியாரே வருகிறார்.

"அந்த ஜாடிக்குத்தானே இம்புட்டுப் பாடு?"

வாசலில் மனைவி ஜெயராணி. செல்லத்துரையின் கையிலிருந்த பிரஷ் நழுவியது.

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"அரிசி எடுக்கையில பார்த்துட்டேன். அப்பவே அம்மாவுக்குப் போன் போட்டு, நான்தான் ஒடச்சேன்னு சொல்லிட்டேன்."

"ஐயையோ! திட்டுனாகளா?"

"ஒங்களுக்கு விழ வேண்டியது பூராவும் எனக்கு விழுந்துச்சு. 'மாப்பிள்ளையப் பாருடி, எம்புட்டுப் பொறுப்பு'ன்னு ஒங்களுக்குப் பாராட்டு வேற!"

"அடிப்பாவி, அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வந்தேன். நீக ஜன்னல் தொடைக்கிறதப் பார்த்ததும் சத்தமில்லாம கடைக்குக் கெளம்பிட்டேன்." ஜெயராணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நான் மன்னிச்சு முடிச்சப்புறந்தான் நீக வெளக்கமாத்தையே தொட்டீக."

செல்லத்துரை அசடு வழியக் குனிந்து பிரஷை எடுத்தார்.

"போதும், கையக் கழுவிட்டு வெள்ளை அங்கியப் போடுங்க. சர்ச்சுல மொத மணி அடிச்சாச்சு. 'செய்யுற வேலையால யாரும் நீதிமானாக முடியாது, எல்லாம் கிருபைதான்'னு நீகதானே இன்னைக்குப் பிரசங்கம் பண்ணணும், பாஸ்டரய்யா?"