முனவ்வர் சொன்ன நன்றி

"கொஞ்சம் பொறுங்க பெரியப்பா, ரொட்டியைப் பிய்க்காதீங்க. இவங்க முகத்தை நான் ஒரு தடவை சரியாப் பாத்துக்கறேன்."

முனவ்வர் இப்படிச் சொன்னதும், சடங்கை நடத்திவைக்க வந்த ஒலிம் பெரியவரின் கை ரொட்டிமேல் அப்படியே நின்றது. அதைப் பிய்த்துவிட்டால் நிச்சயம் முடிந்த மாதிரி. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா குறுக்கே பேசினால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்?

மகன் விரும்பிய பெண்ணை வீடு தேடிப் போய்ப் பேசி முடித்ததெல்லாம் தாஷ்கண்டில் இருக்கும் நாத்தனார்தான். மகன் ஜவ்லானுக்கும் இங்கேதான் வேலை. முனவ்வர் அன்று காலைதான் மார்கிலானிலிருந்து ரயிலில் வந்து இறங்கியிருந்தாள். ஒன்பதாவது மாடி வீடு, புது சோபா. இதில் யாரை அவளுக்குத் தெரியப்போகிறது?

"நீங்க ஹம்தம் அண்ணன்தானே? இதே ஊர்ல, கோக்சாத் தெருவுல எங்க பக்கத்து வீடு?"

பெண்ணின் அப்பா ஹம்தம் தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் தடவினார். "அட, கொத்தனார் சாபிர் மாமா பொண்ணா நீ? மல்பெரி மரத்துலேருந்து எங்க கூரைமேல விழுந்தவ?"

"விழல. நீங்க தள்ளிவிட்டீங்க."

"பொய். பழத்துக்கு ஆசைப்பட்டு நீயாத்தான் விழுந்தே. கூரையில பொத்தல் போட்டதுக்கு எங்கப்பா என்னைப் பின்னி எடுத்தாரு."

அவ்வளவுதான், இருவரும் நிச்சயத்தை மறந்தே போனார்கள். வசந்தம் வந்தால் மண்கூரை முழுக்கச் சிவப்பாய்ப் பூத்துக் கிடக்கும் பூக்கள், வாசல் கால்வாயில் குளிரப் போட்ட முலாம்பழம் மிதந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்ட கதை, இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் இருந்த குட்டிக் கதவு.

"அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாதுண்ணே. எங்க வீட்டுல அடிச்சா உங்க வீட்டுக்கு ஓடுவேன், உங்க வீட்டுல அடிச்சா நீங்க எங்க வீட்டுக்கு."

"இப்ப அங்க பெரிய ரோடு போட்டுட்டான் முனவ்வர். அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டேன்."

முனவ்வர் அவர் மனைவி ரிஸோலத்தின் பக்கம் திரும்பினாள். கண் கலங்கிவிட்டது.

"அண்ணி, உங்களை எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா? தெருவையே காணோம், யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

"டீ ஆறுது, குடி முனவ்வர்," என்றாள் ரிஸோலத்.

"பெரியப்பா, உங்களுக்குத் தெரியாது. தலைப்பிரசவத்துக்கு எங்கம்மா வீட்டுக்கு வந்தேன். பெத்த கையோட ஜுரம் வந்து நாப்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன். எங்கம்மா பச்சப்புள்ளைய அந்தக் குட்டிக் கதவு வழியாக் கொண்டுபோய் இவங்க மடியில போட்டாங்க. இவங்களுக்கும் அப்பத்தான் பொண்ணு பொறந்திருந்துது."

"பழைய கதையெல்லாம் இப்ப எதுக்கு? இந்தா, பாதாம் எடுத்துக்கோ." ரிஸோலத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. நன்றி என்று ஆரம்பித்தாலே சிலர் இப்படித்தான், முள்மேல் உட்கார்ந்த மாதிரி நெளிவார்கள்.

முனவ்வர் விடுவதாக இல்லை. "என்னைச் சொல்ல விடுங்க அண்ணி. தன் பொண்ணோட சேத்து என் புள்ளைக்கும் நாப்பது நாள் தாய்ப்பால் குடுத்துக் காப்பாத்துனவங்க பெரியப்பா இவங்க. இவங்க இல்லேன்னா எனக்கு ஜவ்லான் இல்ல."

ஒலிம் பெரியவர் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுதான் இந்தப் பொண்ணா?"

"ஆமா, செவாரா. எங்களுக்கு ஒரே பொண்ணு," என்றார் ஹம்தம்.

"அப்புறம் எப்படிப்பா நிக்காஹ் பண்றது? நம்ம மார்க்கத்துல ஒரே தாய்கிட்டப் பால் குடிச்சவங்க அண்ணன் தங்கச்சி ஆச்சே."

சமையலறையில் ஒரு கிண்ணம் விழுந்து உடைந்தது. செவாரா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

முனவ்வருக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய தெரு கிடைத்த சந்தோஷத்தில் தன் வாயாலேயே மகன் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டாளே. "ரெண்டு வருஷமா இந்தப் பொண்ணைத்தான் கட்டுவேன்னு நிக்கறான். அவன்கிட்ட நான் என்னன்னு சொல்வேன்?" முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ரிஸோலத் கணவரைப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையாட்டினார். அவள் எழுந்து வந்து ரொட்டிமேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இந்த ரொட்டிமேல ஆணை. ஜவ்லான் என் பால் ஒரு சொட்டுகூடக் குடிச்சதில்ல. அவன் வர்றதுக்கு முந்தின வாரமே எனக்குப் பால் வத்திப் போச்சு. வெளிய சொன்னா மாமியார் என்ன சொல்வாங்களோன்னு பயம். அப்பப் பாத்து உங்கம்மா புள்ளையோட வந்து நின்னாங்க. முடியாதுன்னு சொல்ல மனசு வரல. தெருவே என்னை மகராசின்னு கொண்டாடுச்சு. நீ வந்து என் கையைப் பிடிச்சு அழுதே. அதுக்கப்புறம் எந்த வாயால நிஜத்தைச் சொல்வேன்?"

"கல்யாணம் நடக்கணும்னு பொய்யாணை வைக்காதம்மா," என்றார் ஒலிம் பெரியவர். "அப்ப அந்த நாப்பது நாளும் குழந்தை என்னத்தைக் குடிச்சுது?"

ஹம்தம் தொண்டையைச் செருமினார். "பின் தெருவுல எங்க அத்தை வீட்டு வெள்ளாட்டுப் பால். விடியக்காலையில நான்தான் கறந்து கோட்டுக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு வருவேன். இவ கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டுக்கும் புட்டியில குடுப்பா. அத்தை இன்னும் இருக்காங்க, வேணும்னா போனைப் போட்டுத் தர்றேன்."

ஒலிம் பெரியவர் ரொட்டியை மறுபடி கையில் எடுத்தார். பிஸ்மில்லா சொல்லி ரொட்டியை இரண்டாகப் பிய்த்தார்.

முனவ்வர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக ரிஸோலத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இருபத்துநாலு வருஷமா அஞ்சு வேளைத் தொழுகையிலயும், என் புள்ளைக்குப் பால் குடுத்த மகராசி நல்லா இருக்கணும்னு துவாக் கேட்டேனே அண்ணி, அத்தனையும் அந்த ஆட்டுக்கா போய்ச் சேர்ந்துது?"